வயிற்றில் உட்கார்ந்த கியர்பாக்ஸ்

கியர்பாக்ஸைத் தனியாளாகக் கழற்றப் போகிறேன் என்று கணவர் உடையப்பன் சொன்னபோதே, அது கியர்பாக்ஸைப் பற்றிய பேச்சு இல்லை என்று விமலாவுக்குத் தெரியும். அது அவளுடைய அண்ணன் தர்மேந்திரனைப் பற்றிய பேச்சு. அண்ணனின் ஒர்க்‌ஷாப் அவர்களுடைய புந்தோங் வீட்டிலிருந்து இரண்டே தெரு தள்ளி இருந்தது. அங்கே தூக்கி இறக்க ஆளும் உண்டு, சாமானும் உண்டு. ஆனால் பதினொரு மாதமாக மாமன் மச்சான் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

எல்லாம் அந்த வேனால் வந்த வினை. சித்தியவானில் ஒரு சீனக் கிழவரிடம் உடையப்பன் ஆசைப்பட்டு வாங்கி வந்தது. உள்ளே கட்டில், அடுப்பு, கையகலத்தில் ஒரு தொட்டி, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை, எல்லாம் உண்டு. இரண்டாவது கியர் மட்டும் அதுவாக மனசு வைத்தால்தான் விழும். ஒரு வீட்டு விசேஷத்தில், பந்தியில் ஐம்பது பேர் காதுபட, "நம்ம மாப்ளே கோழிக் கூண்டுக்குச் சக்கரம் மாட்டிருக்காரு" என்றார் தர்மேந்திரன். ஐம்பது பேரும் சிரித்தார்கள். விமலாவும் சிரித்துத் தொலைத்தாள். அதற்கு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை. அன்றைக்கே உடையப்பன் சபதம் போட்டுவிட்டார். மகள் ஷாமினியை மணப்பெண்ணாக இதே வேனில்தான் கோயிலுக்குக் கூட்டிப்போவாராம். அந்த ஆள் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாதாம்.

கல்யாணத்துக்கு இன்னும் இருபது நாள். பத்திரிகை தூரத்துத் தாப்பா வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது, தாய்மாமன் வீட்டுக்கு மட்டும் போகவில்லை. எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்த நாளிலிருந்து விமலா எத்தனையோ கல்யாணம் பார்த்திருக்கிறாள், தாய்மாமன் உயிரோடு இருந்தும் அவர் மாலை போடாமல் மணையேறிய பெண்ணை அவள் பார்த்ததில்லை. வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பி ஒப்பேற்றவும் முடியாது. பெண்ணைப் பெற்றவர் வெற்றிலை பாக்குத் தட்டை இரண்டு கையாலும் கொடுத்து அழைக்க வேண்டும். இல்லாவிட்டால் அண்ணன் வரமாட்டார்; அவரும் லேசுப்பட்டவர் இல்லை. மாமன் இல்லாமல் மகளை அனுப்புவதை விமலாவால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. மூன்று தடவை அழுது பார்த்தாள். உடையப்பன் மசியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. வேனைக் கட்டைகளின் மேல் ஏற்றி நிறுத்தி, எண்ணெய் வடித்து, கழற்றிய நட்டுகளையெல்லாம் ஒரு மைலோ டின்னில் போட்டு, பத்து மணி வாக்கில் உடையப்பன் கியர்பாக்ஸை எஞ்சினிலிருந்து பிரித்துவிட்டார். அதுவரைக்கும் சரிதான். அடியில் முட்டுக் கொடுத்திருந்த ஜாக், எண்ணெய் கசிகிற கிழட்டு ஜாக். அது மெல்ல மெல்ல இறங்கியது. கியர்பாக்ஸ் சாய்ந்து, வழுக்கி, ஓர் அவசரமும் இல்லாமல் உடையப்பனின் வயிற்றில் வந்து உட்கார்ந்துகொண்டது.

"அலாமாக்! விமலா!"

விமலா கரண்டியோடு ஓடி வந்தாள். வேனுக்கு வெளியே இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. குனிந்து பார்த்துப் பதறிப்போனாள்.

"ஐயோ! மூச்சு விட முடியுதா?"

"மூச்செல்லாம் பொலே, விட முடியுது. அசையத்தான் முடியல. வலது கையாலதான் தாங்கிப் பிடிச்சிருக்கேன், எடுத்தா மூஞ்சிக்கு உருண்டு வந்துரும். பக்கத்து வீட்டுச் சதாசிவத்தைக் கூப்பிடுலா!"

"கால் விரலை ஆட்டுங்க."

பத்து விரலும் ஆடின. விமலாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வரும்போது அது ஒரு யோசனையையும் கூட்டிக்கொண்டு வந்தது.

"சதாசிவம் அண்ணே வீட்டுல இல்லீங்க."

"டிவி சத்தம் கேக்குதே!"

"டிவி மட்டும்தான் இருக்கு. எங்க அண்ணனைக் கூப்பிடட்டுமா?"

"செத்தாலும் வேணாம்."

"சரிங்க. அடுப்புல கறி இருக்கு, ஒரு கிண்டு கிண்டிட்டு வாரேன்."

அவள் திரும்பி வந்தபோது, "சரி, கூப்பிட்டுத் தொலை" என்று வேனுக்கு அடியிலிருந்து ஒரு முனகல் வந்தது. அடுத்த நிமிடமே வாசலில் தர்மேந்திரனின் மோட்டார் சைக்கிள் நின்றது. கறியைக் கிண்டப் போனவள் முதலில் கையில் எடுத்தது போனைத்தான்.

கோயிலுக்குக் கிளம்பிய வெள்ளைச் சட்டையோடு தர்மேந்திரன் குனிந்து பார்த்தார். "என்ன மாப்ளே, கூண்டுக்குள்ள கோழியே மாட்டிக்கிச்சா?"

"அண்ணே!" என்று விமலா அதட்டினாள்.

"தூக்குறது ஒண்ணும் பெரிசில்ல தங்கச்சி. ஆனா இந்த வீட்டுக்கு நான் யாரு? அழைப்பில்லாத வீட்டுல எப்படிக் கை வைக்கிறது?"

இதைத்தான் விமலா எதிர்பார்த்திருந்தாள். சாமி மேடையில் தயாராக வைத்திருந்த தட்டை எடுத்து வந்தாள். வெற்றிலை, பாக்கு, பழம், அண்ணன் பெயர் எழுதிய பத்திரிகை. அதை வேனுக்கு அடியில் தள்ளினாள். உடையப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு, சும்மா இருந்த இடது கையால் அதை வெளியே நகர்த்தினார்.

"இந்தாங்க."

தர்மேந்திரனின் முகத்திலிருந்த கிண்டல் போய்விட்டது. "இடது கையாலயா? என் தங்கச்சி மக கல்யாணத்துக்கு என்னை இடது கையால அழைக்கிறீங்களா?"

"வலது கையை எடுத்தா எனக்கு மூஞ்சி இருக்காதுலா!"

அண்ணனின் கண் கலங்கியிருந்ததை விமலா பார்த்தாள். தன் அதிபுத்திசாலித்தனமே குடியைக் கெடுத்துவிட்டது என்று நினைத்தாள். அண்ணன் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார், தன் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார், வெளியே நீட்டியிருந்த கால்களைப் பார்த்தார். மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தார். இரண்டு கையையும் கொடுத்துப் பாரத்தைத் தன் நெஞ்சுக்கு மாற்றிக்கொண்டார்.

"பிடிச்சாச்சு. வெளிய போங்க."

உடையப்பன் வெளியே வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் விறுவிறுவென்று வீட்டுக்குள் போய்விட்டார். உள்ளே குழாய்ச் சத்தம் கேட்டது. நேரம் போய்க்கொண்டே இருந்தது.

"வருவாராம்மா?" என்றார் வேனுக்கு அடியிலிருந்து தர்மேந்திரன்.

"வருவாருண்ணே." அவளுக்கே நம்பிக்கை இல்லை.

உடையப்பன் வந்தார். முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுத் தேய்த்திருந்தார். மகளின் நிச்சயதார்த்தத்துக்குப் போட்ட பட்டுச் சட்டையை அணிந்திருந்தார். நெற்றியில் திருநீறு. தட்டை எடுத்துக்கொண்டு எண்ணெய் சிந்திய சிமெண்டுத் தரையில் அப்படியே குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் அதை உள்ளே நீட்டினார்.

"மச்சான், நீங்க குடும்பத்தோட வந்து என் மக கல்யாணத்தை முன்ன நின்னு நடத்திக் குடுக்கணும். நீங்க இல்லாம அவளை நான் மணையில ஏத்த மாட்டேன்."

தர்மேந்திரன் கழுத்தைத் திருப்பித் தட்டைப் பார்த்தார்.

"வாங்கிக்க எனக்குக் கை இல்லையே மாப்ளே" என்றார் தர்மேந்திரன்.

உடையப்பன் இன்னும் கொஞ்சம் உள்ளே ஊர்ந்து போய், மச்சான் இரண்டு கையாலும் தாங்கியிருந்த கியர்பாக்ஸின் மேலேயே தட்டை வைத்தார்.

"இப்ப வாங்கிட்டீங்க."

"வாங்கிட்டேன், வாரேன்" என்றார் தர்மேந்திரன். "மொதல்ல இதைத் தூக்குங்கலா, மூச்சு முட்டுது."