சாவி வராத செவ்வாய்க்கிழமை

சுவிஸில், பேர்ண் நகரத்துப் பூம்ப்ளிஸில் எங்கள் கட்டடத்துச் சலவை அறைக்கு ஒரே சாவி. கீழ்வீட்டுச் சிவமலர், தன் ஈரத்துணியை மேல்வீட்டு ஜெயகௌரி மெஷினிலிருந்து எடுத்து வெளியே போட்டுவிட்டாள் என்று சொல்லி, அவளோடு கதைப்பதை நிறுத்திவிட்டாள். அன்றிலிருந்து சாவி நடுவீட்டு என் வழியாகத்தான் போய்வரும். கூடவே செய்திகளும் வரும், எனக்குக் குறையில்லை.

சாவி கொடுக்கும்போது இருவரின் போனையும் எட்டிப் பார்ப்பேன். இரண்டிலும் ஒரே குழு: தமிழ்ப் பெண்கள் தங்களுக்குப் பிடித்த வீடியோ கேம்களைப் பற்றி எழுதும் இடம். அங்கே சிவமலரின் பெயர் பூசணி, ஜெயகௌரியின் பெயர் மழைக்கோழி. இருவருக்கும் பிடித்தது ஒரே தோட்ட விளையாட்டு. "இதிலைதான் அயலவர் கேக்காமலே வந்து தண்ணி ஊத்துவினம்" என்று பூசணி எழுத, மழைக்கோழி இதயங்களாக அனுப்பியிருந்தாள்.

போன வாரம் சிவமலர் வந்தாள்.

"அக்கா, மழைக்கோழியும் பேர்ண்தானாம். ஞாயிறு வரச் சொல்லி விலாசம் அனுப்பப் போறன். இஞ்சை எனக்கு வாய்ச்ச ஒரே சிநேகிதி. நேரிலை என்னைப் பிடிக்காமல் போனால்?"

உண்மையைச் சொன்னால் விலாசம் போகாது. வாழ்க்கையில் முதன்முறையாக வாயை அடக்கிக்கொண்டு, "வாற சிநேகிதிக்கு ரோல்ஸ் பொரிச்சு வையும்" என்றேன்.

ஞாயிறன்று மேலிருந்து இறங்கிய காலடி என் கதவைத் தாண்டிக் கீழே போய், வெகுநேரம் நின்றது. பிறகு மணி அடித்தது.

"நீரோ மழைக்கோழி?" என்றாள் சிவமலர்.

"ஓம். விலாசத்தைப் பாத்திட்டு வராமல் விடுவம் எண்டுதான் இருந்தன்."

கீழே கதவு முழுதாகத் திறக்கும் சத்தம் கேட்டது.

"உள்ளுக்கு வாரும். ரோல்ஸ் ஆறுது."

செவ்வாய்க்கிழமை சாவிக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. சலவை அறையில் இருவரும் சிரிப்பது மட்டும் கேட்டது. எதற்கென்று இன்னும் தெரியவில்லை.