பறிபோன பாட்டு பீரியட்

கணக்கு டீச்சருக்கும் பாட்டு டீச்சருக்கும் ஆகாது என்பது அந்தப் பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேன் வரைக்கும் தெரிந்த சங்கதி. இருவரும் அண்ணியும் நாத்தனாரும் என்பதுதான் இதில் விசேஷம். பாட்டு டீச்சர், கணக்கு டீச்சருடைய புருஷனின் கூடப்பிறந்த தங்கை. வீட்டில் ஒரே சமையலறை. பள்ளியிலோ அடுத்தடுத்த வகுப்பறை. கணக்கு டீச்சர் பின்னங்களோடு மல்லுக்கட்டும் நேரம் பார்த்து அந்தப் பக்கம் ஒரு வகுப்பே தொண்டையைத் திறக்கும். இவள் கையில் சாக்பீஸ் ஒடியும்.

ஒருநாள் ஹெட்மாஸ்டரிடம் போய் நின்றாள். ஏழாம் வகுப்பு கணக்கில் குப்புறக் கிடக்கிறது, பாட்டுக்கு ஒதுக்கிய பீரியடுகளைத் தனக்குக் கொடுத்தால் நிமிர்த்திக் காட்டுகிறேன் என்றாள். பரீட்சை ரிசல்ட் என்றாலே பயப்படும் மனிதர் அவர். மறுபேச்சில்லாமல் தலையாட்டிவிட்டார்.

நாத்தனார் வீட்டில் சண்டை போடவில்லை. அண்ணனிடம் முறையிடவுமில்லை. மத்தியான இடைவேளையில் பிள்ளைகளை சைக்கிள் ஷெட்டுக்குக் கூட்டிப்போய்ச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். பிள்ளைகள் சாப்பாட்டை அரையும் குறையுமாய் விழுங்கிவிட்டு ஓடினார்கள்.

விஷயம் காதுக்கு எட்டியதும் கணக்கு டீச்சருக்குச் சுர்ரென்று ஏறியது. விரட்டியடிக்கத்தான் போனாள். போனால் முதல் வரிசையில், அதே வகுப்பில் படிக்கும் அவள் பெற்ற மகள் நின்று பாடிக்கொண்டிருந்தாள். சுருதி எங்கோ கிடந்தது, கேட்கச் சகிக்கவில்லை. ஆனால் வாயை முழுசாகத் திறந்து பாடினாள். அத்தைக்காரி பக்கத்தில் நின்று அதே ஸ்வரத்தை மெல்லப் பிடித்தபடி, கையை உயர்த்திக் காட்டினாள்.

“இன்னும் கொஞ்சம் மேல வா. ம், வந்துட்ட. அங்கயே நில்லு.”

அந்தக் குரல் தடுமாறி ஏறி, அத்தையின் குரலோடு ஒட்டிக்கொண்டது. கணக்கு டீச்சர் மகளின் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள். போட்ட அதட்டலில் மற்ற பிள்ளைகள் கலைந்து ஓடினார்கள்.

“இவளுக்குப் பாட வராதுன்னு உனக்குத் தெரியாதா? நாலு பேர் முன்னாடி என் பொண்ண நிக்கவெச்சு அசிங்கப்படுத்தறியா?”

“வரலைன்னுதான் சொல்லித்தரேன், அண்ணி. கூட்டல் வராத பையன நீங்க வெளிய தள்ளுவீங்களா?”

“என்னைத் தள்ளினாங்களே.”

சொல்ல நினைத்த வார்த்தை அல்ல அது. வந்துவிட்ட பிறகு நிறுத்தவும் முடியவில்லை. சின்ன வயதில் பள்ளி விழாப் பாட்டில் அவளைக் கடைசி வரிசையில் நிறுத்தி, சத்தம் வரக்கூடாது, உதட்டை மட்டும் அசை என்று அவளுடைய டீச்சர் சொல்லியிருந்தார். வீட்டுக்கு வந்ததும் அப்பா, நன்றாகப் பாடினாய் என்று தட்டிக்கொடுத்தார். புருஷனிடம்கூட மூச்சுவிடாத அந்தக் கதையை இப்போது நாத்தனார் முகத்தில் கல்லாய் விட்டெறிந்தாள்.

நாத்தனார் ‘ஐயோ பாவம்’ என்று உருகவில்லை.

“அந்த டீச்சர் ஒரு பொண்ணு வாயத்தான் மூடினாங்க. நீங்க ஒரு வகுப்பு வாயையே மூடியிருக்கீங்க.”

கணக்கு டீச்சர் விருட்டென்று திரும்பினாள். மகளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள்.

அரையாண்டுப் பரீட்சை முடிந்து டீச்சர்கள் கூட்டம் நடந்தது. கூடுதல் பீரியடால் மார்க் ஏறியதா என்று ஹெட்மாஸ்டர் எல்லோர் முன்னாலும் கேட்டார். ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். எதிரே நாத்தனார் வேறு உட்கார்ந்திருந்தாள். ஆனாலும் கணக்கில் பொய் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

“ஏறல சார். சொன்னத எழுதிட்டு பொம்ம மாதிரி உக்காந்திருந்தாங்க. முன்னல்லாம் சந்தேகமாவது கேப்பாங்க. பாட்டு பீரியட திருப்பிக் குடுத்துடுங்க.”

ஹெட்மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, சரி என்றார். நாத்தனார் நன்றி சொல்லவில்லை, இவளும் எதிர்பார்க்கவில்லை. சமையலறையில் இருவரும் இன்னமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

மகள்தான் அவளை வாட்டினாள். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னாள். சாப்பாடு பரிமாறும்போது அம்மா கை மேலே பட்டால் தன் கையை இழுத்துக்கொண்டாள். அன்றைக்கு அப்படிப் பிடித்து இழுத்தது தப்பு என்று மகளிடம் சொல்ல, பலமுறை அவள் அறை வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பியிருக்கிறாள் கணக்கு டீச்சர்.