கிருசாந்தன், கனடா

முரசுமோட்டையில் ஒருவர் செத்தால் மட்டும் போதாது, அதைச் சாருஜன் சொல்லவும் வேண்டும். மரண உதவிச் சங்கத்தின் ஆட்டோ தலையில் ஒலிபெருக்கியைச் சுமந்துகொண்டு வாய்க்கால் ரோட்டில் இறங்கினால்தான் சனம் அடுப்பை அணைத்து வெள்ளைச் சேலையைத் தேடும். அதுவரை செத்தவர் வருத்தமாய்ப் படுக்கையில் கிடக்கிறார் என்றுதான் ஊரில் கணக்கு.

பல்கலைக்கழக வளாகத்தில் அடிக்கடி பகிஷ்கரிப்பு. அதனால் சமூகவியல் படிக்கிற சாருஜன் பெரும்பாலும் ஊரில்தான் நின்றான். குரல் நல்லது. முகத்தில் சிரிப்பு வராது. சங்கத்துக்கு இரண்டும் தேவைப்பட்டன.

அறிவித்தலுக்குச் சங்கத்தில் ஒரு முறை இருந்தது. செத்துப்போன உறவின் பேருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' வரும். உயிரோடு இருப்பவரின் பேருக்குப் பின்னால் ஊர் வரும்: பளை, கொழும்பு, லண்டன், கனடா. ஊர் தூரமாகத் தூரமாகச் சாருஜனின் குரலும் கொஞ்சம் உயரும். அது சங்க யாப்பில் இல்லாத விதி, ஆனால் எல்லோரும் எதிர்பார்க்கிற விதி. முன்னுக்கும் ஒன்றும் இல்லாமல் பின்னுக்கும் ஒன்றும் இல்லாமல் ஒரு மனிதர் இருக்கக்கூடும் என்று யாப்பை எழுதிய யோகநாதன் சேர் நினைத்திருக்கவில்லை.

பத்மாசனி அன்று விடிய முதல் கண்ணை மூடினா. இளையதம்பியின் மனைவி. மேனுகாவுக்கும் கிருசாந்தனுக்கும் தாய். கிருசாந்தன் யுத்தம் முடிந்த வாரம் ஆமிக்காரரால் பஸ்ஸொன்றில் ஏற்றப்பட்டவன். ஏறியவன் யன்னலால் கை காட்டினான். பிறகு தகவல் இல்லை. தாய் அவனுடைய படத்தோடு, காணாமல் போனவர்களின் தாய்மார் போராடுகிற ரோட்டோரக் கொட்டிலில் வெயிலிலும் மழையிலும் குந்தியிருந்தா. மரணச் சான்றிதழ் தரலாம் என்று வந்த கந்தோர்க்காரருக்குத் தேத்தண்ணி கொடுத்தா. சான்றிதழ் வேண்டாம் என்றா. ஒரு ஆடி அமாவாசைக்கும் அவனுக்காக எள்ளுத் தண்ணி இறைக்கவில்லை.

பந்தல் போட முதலே முற்றத்தில் சண்டை தொடங்கிவிட்டது.

"பிள்ளை, ஒண்டில் காலஞ்சென்ற எண்டு போடவேணும். இல்லாட்டி எங்க இருக்கிறான் எண்டு சொல்லவேணும்," என்றார் யோகநாதன் சேர். இளைப்பாறிய அதிபர். கதிரையில் இருந்தாலும் வகுப்பில் நிற்பது போலவே இருப்பார்.

"அண்ணா செத்தவர் எண்டு ஆர் சேர் உங்களுக்குச் சொன்னது?" என்றாள் மேனுகா.

"ஒருத்தரும் சொல்லேல்ல. அதுதானே பிரச்சினை. அப்ப பேரை விடுவம்."

"விட்டா அம்மா ஒரு பிள்ளைதான் பெத்தவா எண்டு ஆகும். அவா ரோட்டில குந்தியிருந்தது ஆருக்காக?"

சேர் இளையதம்பியைப் பார்த்தார். இளையதம்பி நிலத்தைப் பார்த்தார். "பேரை மட்டும் சொல்லுங்கோ," என்றார் அவர். "அவளுக்கு அது போதும்."

சேர் நெடுநேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "சரி. இந்த ஒருக்கா மட்டும். முன்னுக்கும் ஒண்டும் இல்லை, பின்னுக்கும் ஒண்டும் இல்லை. விளங்கிச்சோ சாருஜன்?"

"ஓம் சேர்."

விளங்கத்தான் செய்தது. ஆனால் நாக்குக்கு விளங்கவில்லை. சந்தைச் சந்தியில், சனம் மீன் வாங்கி நின்ற நேரம், சாருஜன் வழமையான இராகத்தில் ஏறினான்: "மேனுகா, பளை! கிருசாந்தன், கனடா!" குரல் தன்பாட்டில் உயர்ந்தது. அவன் இதுவரை சொன்ன ஆண்பிள்ளைகளில் அநேகம் பேர் கனடாவில்தான் இருந்தார்கள்.

ஆட்டோ ஓட்டிய மயில்வாகனம் பிரேக்கை அமத்தினார். "டேய், எங்கயெண்டு சொன்னனி?"

சாருஜன் மைக்கை நிப்பாட்டினான். சந்தை ஏற்கெனவே நின்றுவிட்டிருந்தது. மீன்காரி தராசைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

மத்தியானத்துக்குள் செத்தவீடு நிரம்பியது. வந்தவர்கள் பத்மாசனியின் முகத்தைப் பார்க்க முதல் மேனுகாவின் முகத்தைப் பார்த்தார்கள். "அண்ணன் கதைச்சவனோ?" "வீடியோவில வருவானோ?" என்று காதுக்குள் கேட்டார்கள். மேனுகா ஒவ்வொருவருக்கும் இல்லையென்று தலையாட்டினாள். அழுவதற்கு அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை.

பின்னேரம் நாயாற்றிலிருந்து பஸ் பிடித்துச் சிவலட்சுமி வந்தா. கொட்டிலில் பத்மாசனிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தவா. கையில் பிளாஸ்டிக் ஒட்டிய படம்.

"நீரே தம்பி ஒலிபெருக்கியில சொன்னது?"

"ஓம் அம்மா."

"என்ர நிரஞ்சனும் கிருசாந்தனும் ஒரே பஸ்ஸிலதான் ஏறினவங்கள். அப்ப ரெண்டு பேரும் ஒண்டாத்தான் நிப்பாங்கள், என்ன? அவன்ர நம்பரைத் தாரும். நான் கனக்கக் கதைக்கமாட்டன்."

வளாகத்தில் எந்தக் கேள்விக்கும் பகிடி வைத்திருந்தவன் உள்ளதைச் சொன்னான். "அம்மா, அது என்ர பிழை. பழக்கத்தில வந்திட்டுது. கனடா இல்லை. எங்கயெண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

சிவலட்சுமி கோபிக்கவில்லை. படத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தா. "வழி முழுக்க அவனோட என்ன கதைக்கிறதெண்டு யோசிச்சுக்கொண்டு வந்தனான்," என்றா. "அங்க குளிராமே. கம்பளிச் சட்டை போடடா எண்டு சொல்ல இருந்தனான்." பிறகு உள்ளே போய்ப் பத்மாசனியின் காலடியில் குந்தினா.

யோகநாதன் சேர் வந்தார். "இதுக்குத்தான் சொன்னனான். போய்த் திருத்திச் சொல்லு. காலஞ்சென்ற எண்டே போடு. ஊர் அமைதியாகட்டும்."

மேனுகா வாசலில் நின்றாள். தடுக்கவில்லை. "அம்மா உள்ளதான் கிடக்கிறா," என்றாள். "அவாவுக்கும் கேக்கக்கூடியமாதிரிச் சொல்லு."

ஆட்டோ திரும்பவும் வாய்க்கால் ரோட்டில் இறங்கியது. படலைகளில் சனம் காத்து நின்றது. சாருஜன் மைக்கைப் பிடித்தான்.

"திருத்தம். முரசுமோட்டையைச் சேர்ந்த திருமதி இளையதம்பி பத்மாசனி காலமானார். அன்னாரின் பிள்ளைகள் மேனுகா, பளை..." மூச்சை எடுத்தான். குரல் உயரவில்லை. "கிருசாந்தன்."

அதற்குப் பிறகு ஊர் வரவேண்டிய இடத்தில் ஒலிபெருக்கி வெறுமனே இரைந்தது. வயலைத் தாண்டியும் அந்த இரைச்சல் கேட்டது.

மயில்வாகனம் திரும்பிப் பார்த்தார். "என்னடா, மைக் செத்துப்போச்சோ?"

"இல்லை அண்ணை," என்றான் சாருஜன். "வேலை செய்யுது."