மறுப்பு வராத தெரு

எங்கள் அதிகாரிக்கு அலுவலகத்தில் தராசு என்று பெயர். அவர் முன்னால் யாரும் சொல்ல மாட்டோம். ஆனால் அவருக்குத் தெரியும், தெரிந்து கொஞ்சம் பெருமையும் உண்டு. எதைக் கேட்டாலும் இரண்டு உள்ளங்கைகளையும் மார்புக்கு நேராக நீட்டுவார். ஒன்றை ஏற்றி, ஒன்றை இறக்கி, பிறகு இரண்டையும் சமமாக நிறுத்தி, "சமநிலை முக்கியம்" என்பார். டீக்குச் சர்க்கரை போடவா என்று கேட்டாலும் இதே அபிநயம்தான்.

நான் மாவட்ட நிலத் திட்ட அலுவலகத்தில் வரைபடக்காரன். இருபத்து மூன்று வருடமாக நிலத்துக்கு வண்ணம் அடிக்கிறேன். மஞ்சள் என்றால் வளர்ச்சி. வீடு, கடை, ஆலை, எதை வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம். பச்சை என்றால் பாதுகாப்பு. ஒரு செங்கல்லைக்கூட வைக்கக் கூடாது. முன்பெல்லாம் நேரில் போய், எங்கே தண்ணீர் நிற்கிறது, எங்கே மரம் இருக்கிறது என்று விசாரித்துத்தான் வண்ணம் அடிப்போம். செருப்பெல்லாம் சேறாகும். தராசு வந்த பிறகு அந்தத் தொல்லை விட்டது. கிராமப்புறம் வளரவும் வேண்டும், இயற்கை பிழைக்கவும் வேண்டும், இரண்டையும் சமன்படுத்துங்கள் என்று மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. அதைப் படித்த மனிதர் மாவட்டத்தைச் சரிபாதியாக வகுத்துவிட்டார். மஞ்சள் ஐம்பது சதவீதம், பச்சை ஐம்பது சதவீதம். என் கணினித் திரையின் கீழ் மூலையில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் 50.00, 50.00 என்று இரண்டு எண்கள். அதில் ஒன்று 49.99 என்று காட்டினால் அன்றைக்கு மனிதருக்குச் சோறு இறங்காது.

ஆக, யாராவது பச்சையில் கொஞ்சம் கேட்டால் கொடுத்துவிடுவோம். கொடுத்த அளவுக்கு வேறெங்காவது மஞ்சளைப் பிடித்துப் பச்சையாக்கிவிடுவோம். ஆற்றங்கரைத் தோப்பில் செங்கல் சூளை வந்தபோது கல்லறைத் தோட்டத்தைப் பச்சையாக்கினேன். குன்றில் பாதியைக் கல் உடைக்கக் கொடுத்தபோது நெடுஞ்சாலையின் நடுத்திட்டுகளை எல்லாம் சேர்த்து வனம் என்று போட்டேன். சிறைச்சாலை மைதானம் எங்கள் வரைபடத்தில் புல்வெளி. சும்மா சொல்லக் கூடாது, வரைபடம் பார்க்க அவ்வளவு அழகு. போன வருடம் விருதுகூடக் கொடுத்தார்கள். மேடையில் தராசு இரண்டு கைகளையும் நீட்டியபோது, எதையோ வாங்கத்தான் நீட்டுகிறார் போலிருக்கிறது என்று நினைத்து ஒருவர் அதில் பூங்கொத்தை வைத்துவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குத் தராசு என் மேசைக்கு வந்தார்.

"சதுப்பு நிலம் இருக்குல்ல, நெடுஞ்சாலை ஓரமா? அதுல பத்து ஏக்கர் கிடங்கு கட்டக் கேக்குறாங்க. நானூறு பேருக்கு வேலை. மஞ்சளாக்கிடுங்க."

"சார், சுத்துவட்டாரத் தண்ணியெல்லாம் அங்கதான் வந்து நிக்கும்."

"அதனால என்ன? வேற எங்கயாவது பத்து ஏக்கரைப் பச்சையாக்குங்க. அஞ்சு மணிக்குள்ள ஐம்பதுக்கு ஐம்பது வந்தாகணும்."

தண்ணீருக்கு வரைபடம் படிக்கத் தெரியாது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. மென்று முழுங்கினேன். ஓய்வு பெற இன்னும் நாலு வருடம் இருக்கிறது.

பச்சையாக்க நிலம் தேடுவதற்கு எங்களிடம் ஒரு வழி உண்டு. ஒவ்வொரு மனைக்கும் ஓர் எண். எண்ணுக்கு எதிரே, அந்த இடத்திலிருந்து இதுவரை எத்தனை மறுப்புக் கடிதம் வந்திருக்கிறது என்ற விவரம் இருக்கும். மறுப்பு எழுதுகிறவர்கள் திரும்பத் திரும்ப எழுதுவார்கள். அவர்கள் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது. ஒருமுறைகூட எழுதாதவர்கள் இருக்கிறார்களே, தங்கமானவர்கள், அவர்கள் தலையில்தான் எதையும் கட்டலாம். இந்த வழியைக் கண்டுபிடித்ததே நான்தான். தராசு அதற்காக என் முதுகில் தட்டியிருக்கிறார்.

நாலரை மணிக்குச் சலித்து எடுத்தேன். மாவட்டம் முழுக்க ஒரே ஒரு தொகுப்புதான் தேறியது. 212 முதல் 231 வரை, இருபது மனை, வீடும் கொல்லையுமாகச் சரியாகப் பத்து ஏக்கர். மறுப்பு: பூஜ்யம். அந்த நேரம் பார்த்து அக்காவிடமிருந்து போன் வந்தது.

எனக்கு இருப்பது ஒரே அக்கா. மாமா போன பிறகு தனியாக இருக்கிறாள். சதுப்பு நிலத்துக்குப் பக்கத்துத் தெரு. மூன்று வருடத்துக்கு முன்னால் சதுப்பின் ஓரமாக மண் கொட்டிச் சாலை போட்டார்கள். அன்றிலிருந்து மழைக்காலத்தில் அவள் வீட்டுக்குள் ஓரடி தண்ணீர். இந்த மழைக்கு முன்னால் வீட்டுத் தரையை இரண்டடி உயர்த்திவிட வேண்டும் என்று செங்கல், சிமென்ட் எல்லாம் இறக்கி வைத்துவிட்டு, அனுமதிக்கு மனுப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"மழைக்கு இன்னும் ரெண்டு மாசந்தாண்டா இருக்கு. என் மனு எங்க தூங்குது?"

"கீழ்மாடியில அனுமதிப் பிரிவுல இருக்கும்கா. நான் ஆபீஸ்லதானே இருக்கேன், பாத்துக்க மாட்டேனா?"

"நீ இருக்கேங்கிற தெம்புலதாண்டா இருக்கேன்."

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு இருபது மனைகளையும் தேர்ந்தெடுத்துப் பச்சையைத் தட்டினேன். கட்டத்தில் 50.00, 50.00 என்று வந்து நின்றது. அன்றைக்கு டீ நன்றாக இருந்ததுகூட ஞாபகம் இருக்கிறது.

ஒரு மாதம் கழித்து அக்கா மறுபடி கூப்பிட்டாள்.

"டேய், மனுவைத் திருப்பி அனுப்பிட்டாங்கடா. என் வீடு காடாம்."

நான் சிரித்தேன். கடவுளே, சிரித்தேன்.

"எந்தப் புத்திசாலிக்கா அப்படி எழுதினான்? மனை எண் என்ன போட்டிருக்கு, படி."

"இருநூத்திப் பத்தொன்பது."

212 முதல் 231 வரை நான் அடித்த பச்சைக்குள் அது இருந்தது. அக்கா வீடு எனக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். தெரியும். பேருந்திலிருந்து இறங்கி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டினால் நீலக் கேட். கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்ச் சேர்வேன். ஆனால் என் திரையில் பேருந்தும் இல்லை, தொட்டியும் இல்லை, நீலக் கேட்டும் இல்லை. எண்தான் இருக்கிறது. அந்த எண்ணை ஒருநாளும் நான் அவளிடம் கேட்டதில்லை.

ஓட்டமும் நடையுமாகத் தராசின் அறைக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன்.

"அடடா, உங்க அக்காவா! நல்ல காத்து வரும், விடுங்க."

"சார், அவங்க தரையை உயர்த்தணும். சதுப்பை மூடிட்டா தண்ணி நேரா அங்கதான் போகும்."

"மாத்திடலாமே. நானா மாட்டேன்னேன்? வேற பத்து ஏக்கர் கொண்டு வாங்க." கைகள் இரண்டும் சமமாக நின்றன.

கொண்டுவர எங்கே இருக்கிறது? சலித்த சல்லடையில் மிஞ்சியதே அந்தத் தெருதான். மற்ற இடங்களில் எல்லாம் ஆளாளுக்கு எழுதித் தள்ளியிருந்தார்கள். ஒருவர் தன் மாட்டுக்கொட்டகை பற்றி மட்டும் நாற்பத்தோரு கடிதம் எழுதியிருந்தார். முன்பு அவரைப் பைத்தியம் என்று நினைத்தேன். இப்போது அவர் காலில் விழலாம் போலிருந்தது.

"மறுப்பாவது வாங்கிக்குங்க சார்."

"பதினஞ்சு நாள் அவகாசம் குடுத்து அறிவிப்பு வச்சாச்சு. ஒருத்தரும் மறுக்கல."

"எங்க சார் வச்சாங்க?"

"சம்பந்தப்பட்ட நிலத்துலதான். விதியே அதுதானே?"

சம்பந்தப்பட்ட நிலம் என்றால் சதுப்பு. முழங்கால் தண்ணீரில் பலகை நட்டிருந்தார்கள், அதுவும் உள்பக்கம் பார்த்து. தவளைகள் படித்திருக்கும், அவையும் மறுக்கவில்லை. இனிமேல் ஆண்டறிக்கை வெளியாகும்போதுதான் மறுபடியும் பதினைந்து நாள் மறுப்பு வாங்குவார்கள். ஆண்டறிக்கை மழை முடிந்துதான் வரும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். எனக்கு முன்னாலேயே வனக்காவலர் ஒருவர் அங்கே வந்திருந்தார். புதுக் காட்டைக் கணக்கெடுக்க அனுப்பியிருக்கிறார்கள். கொல்லையில் ஓர் எலுமிச்சை, ஒரு கொய்யா. இரண்டு மரம் என்று எழுதிக்கொண்டார்.

"கொடியில துணி காயப் போடாதீங்கம்மா. பறவை மிரளும்."

"பறவையா? காக்கா என் சோப்பையே தூக்கிட்டுப் போகுது, அதுவா மிரளும்?"

அவர் அதற்குள் அக்காவின் கோழியைப் பார்த்துவிட்டார். "இது காட்டுக் கோழியா, வீட்டுக் கோழியா?"

"வீடே இல்ல, காடுன்னுட்டீங்க. இனி இது எப்படிப்பா வீட்டுக் கோழியாகும்?"

அவர் கொஞ்ச நேரம் யோசித்து 'வனப்பறவை, ஒன்று' என்று எழுதினார். பாவம், அவர் பிழைப்பு அவருக்கு. போகும்போது வாசலில் அடுக்கியிருந்த செங்கல்லைத் தொடக் கூடாது என்றும், சிமென்ட் மூட்டையை அகற்ற வேண்டும் என்றும் ஒரு தாள் கொடுத்துவிட்டுப் போனார்.

பக்கத்து வீட்டு ஆட்கள் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்கள். எல்லார் கையிலும் அதே தாள்.

"என்ன இப்படி ஆயிடுச்சு? ஏதாவது எழுதிக் குடுத்துப் பாப்போமா?" என்று ஒருவர் கேட்டார்.

அக்கா என் தோளில் கை வைத்தாள். "என் தம்பி அங்கேயே இருக்கான். அவன் பாத்துப்பான். யாரும் ஒண்ணும் எழுத வேண்டாம்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் அந்தச் சாலை வந்தபோதும் தெருவில் எல்லாரும் சேர்ந்து மறுப்பு எழுதப் போனார்கள். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று அக்காவிடம்தான் பேனாவைக் கொடுத்தார்கள். அவள் என்னைக் கேட்டாள். என் அலுவலகத்துக்கே என் அக்கா மறுப்பு எழுதினால் எனக்குத் தலைகுனிவு என்று, "அதெல்லாம் வேண்டாம்கா, நான் பாத்துக்கிறேன்" என்று சொன்னது நான். அந்தத் தெருவிலிருந்து ஒரு மறுப்பும் வராமல் செய்தவனே நான்தான்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். எழுதச் சொல்லியிருக்க வேண்டும். "மேலிடத்துல பேசிட்டிருக்கேன்கா" என்று சொல்லிவிட்டு, அவள் கொடுத்த டீயையும் குடித்துவிட்டு வந்தேன். வெட்கங்கெட்டவன்.

கிடங்குக்கு நாலாயிரம் லாரி மண் இறங்கியது. பிறகு மழை வந்தது. எந்தச் சுற்றறிக்கையும் படிக்காத தண்ணீர், பழைய இடத்துக்கு வந்து, கதவு மூடியிருப்பதைப் பார்த்து, பக்கத்துத் தெருவுக்குள் நுழைந்தது. அக்கா வீட்டில் இடுப்பளவு. வாசலில் சிமென்ட் மூட்டைகள் நனைந்து பாறையாகிவிட்டன. அவற்றின் மேல் ஏறி நின்றுதான் அக்கா படகுக்குக் கையசைத்தாள். ஒரு பையும் கக்கத்தில் கோழியுமாக என் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். "ரெண்டடி ஏத்தியிருந்தா அலமாரியாவது பிழைச்சிருக்கும்" என்று மட்டும் சொன்னாள். மாமாவின் படங்கள் இருந்தது அந்த அலமாரியில்தான்.

ஒரு வாரம் கழித்துத் தண்ணீர் கொஞ்சம் வடிந்ததும் தராசு புகைப்படக்காரரோடு அந்தத் தெருவுக்குப் போய்வந்தார். திரும்பும்போது முகமெல்லாம் பல்.

"பாத்தீங்களா! நான் சொன்னப்ப நம்பினீங்களா? சதுப்புல இருந்த தவளை அத்தனையும் நம்ம புதுப் பச்சைக்குக் குடி வந்துடுச்சு. ஒண்ணுகூடக் குறையல. சமநிலை!"

ஆண்டறிக்கை அச்சாகி வந்தது. அட்டைப்படத்தில் ஒரு தவளை, கொழுகொழுவென்று, எங்கோ பார்த்துக்கொண்டு. 'வளர்ச்சியும் வாழும், தவளையும் வாழும்' என்று மேலே வாசகம். வீட்டுக்கு ஒரு பிரதி கொண்டுபோனேன். ஏன் கொண்டுபோனேன் என்று கேட்காதீர்கள். நானாகச் சொல்ல வாய் வரவில்லை, அதுவாவது சொல்லட்டும் என்று சாப்பாட்டு மேசையில் வைத்தேன்.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"தவளை எது மேல உக்காந்திருக்கு பாத்தியா? என் அடுப்புடா. இந்தா, உடைஞ்ச குமிழ்."

"அக்கா, அந்தப் பச்சையை அடிச்சது நான்தான்."

அவள் நிமிரவில்லை.

"நீன்னா?"

"நான்தான்கா. மறுப்பு வராத இடமாத் தேடினேன். உன் தெரு வந்துச்சு. உன் வீடுன்னு தெரியல. நீ போன்ல பேசிட்டிருக்கும்போதே அடிச்சேன்."

அக்கா திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. கண்ணாடியைக் கழற்றி, புடவை நுனியால் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டாள்.

"தெருவுல எல்லாரும் எழுதறேன்னாங்கடா. நாந்தான் வேண்டாம்னேன். என் தம்பி இருக்கான்னேன்."

அக்கா அட்டையிலிருந்த தவளையை இன்னொரு முறை பார்த்தாள்.

"இப்ப வாங்குவாங்களா மறுப்பு?"

"பதினஞ்சு நாள் வாங்குவாங்க."

"ஒரு தாள் எடு. இருபது தாளா எடு, அவங்களுக்கும் சேத்து எழுதி எடுத்துட்டுப் போறேன்."

எடுத்துக் கொடுத்தேன். பேனாவும் கொடுத்தேன். அவள் மேசையில் தவளையை ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள்.

"யாருக்குன்னு போடணும்?"

மறுப்புகள் எல்லாம் வரைபடப் பிரிவுக்குத்தான் வரும். வரைபடப் பிரிவில் ஒரே ஆள்தான்.

"எனக்குத்தான்கா."

அக்கா என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு குனிந்து, அந்த அழகான கையெழுத்தில், 'மதிப்பிற்குரிய ஐயா' என்று எழுதினாள்.