இரண்டாவது காது

டாக்டர் பட்டம் இன்னும் கைக்கு வரவில்லை. ஆனாலும் வீட்டிலும் வேலையிடத்திலும் அவளுக்கு 'டாக்டரம்மா' என்ற பெயர் நிலைத்துவிட்டது. பிள்ளை பிறக்கும் முன் பெயர் வைத்த கதைதான். ஏழு வருஷமாக இழுத்தடிக்கும் ஆய்வேட்டைப் பார்த்துக் கணவன் அடித்த கேலி அது. போகப் போக அவளே அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

பெரியவர்களுக்கு மாலையில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் நிலையம் ஒன்றில் அவள் ஆசிரியை. ஆய்வும் அதைப் பற்றித்தான். ஆளைப் பார்த்துப் பேசக் கூச்சப்படுகிறவர்கள், அறையில் தனியாக ஒரு கருவியோடு பேசினால் நன்றாகப் பேசுவார்களா? நாற்பது மாணவர்கள். ஒவ்வொருவராக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். டாக்டரம்மாவின் குரலில் முன்கூட்டியே பதிந்து வைத்த ஆறு கேள்விகள் ஒலிக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை நிமிஷம். நேரம் முடிந்ததும் அதே குரல், "வெரி குட். நெக்ஸ்ட் கொஸ்டின்" என்று சொல்லும். மாணவர் பேசினாலும் வெரி குட்தான், வாயைத் திறக்காமல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் வெரி குட்தான்.

இந்த மாதிரி ஆய்வில் ஒரு விதி உண்டு. ஒவ்வொரு பதிவையும் இரண்டு பேர் தனித்தனியாகக் கேட்டு, ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்காமல், ஐந்துக்கு மார்க் போட்டு, முழுதும் கேட்டேன் என்று கையெழுத்திட வேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போனால்தான் அந்த மார்க் செல்லும். இரண்டாவது ஆளாக வருகிறேன் என்று வாக்குக் கொடுத்த பழைய சக ஆசிரியை, மகள் பிரசவத்துக்கென்று வெளியூர் போனவள் போனவள்தான். கெடு நெருங்கியது. டாக்டரம்மா என்ன செய்தாள் தெரியுமா? இல்லாத ஒருத்தியை உண்டாக்கினாள். பச்சை மைப் பேனா ஒன்று வாங்கி, எழுத்தை இடப்பக்கமாகச் சாய்த்து, நாற்பது தாளையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நிரப்பினாள். அச்சு அசலாக ஒத்துப்போனால் சந்தேகம் வருமே என்று ஆறேழு இடத்தில் ஒரு மார்க்கைக் கூட்டியும் குறைத்தும் வைத்தாள். திருட்டிலும் ஒரு சிரத்தை!

அதைவிடப் பெரிய திருட்டு ஒன்று இருந்தது. அதை அவள் தனக்குத்தானே கூடச் சொல்லிக்கொண்டதில்லை. தன் மார்க்கையும் அவள் முழுதாகக் கேட்டுப் போடவில்லை. முதல் இரண்டு பதிலைக் கேட்பாள், ஆள் எந்த ரகம் என்று முடிவு கட்டுவாள், மார்க் விழும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதமாம்.

அந்த மார்க் ஆய்வோடு நின்றிருந்தால் போகிறது. நிலையம் அதை வைத்துத்தான் சான்றிதழும் கொடுத்தது. மூன்று வாங்கினால் உண்டு, இரண்டு என்றால் இல்லை. பதினேழாம் எண் அவளுடைய நாத்தனார். கல்யாணமே வேண்டாமென்று அண்ணன் வீட்டோடு இருந்துவிட்டவள். ஓட்டல் வரவேற்பறையில் ஒரு வேலை அந்தச் சான்றிதழுக்காகக் காத்திருந்தது. டாக்டரம்மா இரண்டு போட்டாள். வீட்டு ஆளுக்குச் சலுகை காட்டினாள் என்று யாரும் நாக்கு மேல் பல் போட்டுப் பேசிவிடக் கூடாதே! வேலை கைநழுவிப் போனது. "பரவாயில்லை அண்ணி" என்றாள் நாத்தனார். அதிலிருந்து ஐந்து மாதமாக அந்த வீட்டில் அவள் பேச்சு ஆமாம், இல்லை என்பதோடு சரி. கோபமாக்கும், தணியட்டும் என்று டாக்டரம்மாவும் விட்டுவிட்டாள்.

ஆய்வை மேற்பார்வையிடும் பேராசிரியர் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"மார்க்கெல்லாம் சரிம்மா. அந்த ரெண்டாவது அம்மா காரணம்னு ஒரு வரிகூட எழுதலையே? ஒரு பத்துப் பதிவையாவது மறுபடி கேட்டு எழுதித் தரச் சொல்லுங்க. இல்லேன்னா தேர்வுக் குழு என்னைக் கிழிச்சுத் தொங்க விட்டுடும்."

"சொல்றேன் சார். அவங்க கொஞ்சம் நிதானமான ஆளு" என்றாள், கண்ணிமைக்காமல்.

மறுநாள் காலை பச்சைப் பேனாவும் கையுமாக நிலையத்துக்குப் போய்த் தன் அறையைத் திறந்தாள். மேஜை மேல் ஒரு பழுப்பு உறை இருந்தது. உள்ளே பத்துத் தாள், பச்சை மையில், இடப்பக்கம் சாய்ந்த எழுத்தில். எழுத்து அவளுடையது. எழுதியது அவள் இல்லை.

'பதிவு நான்கு: மூன்றாவது பதிலில் வார்த்தை கிடைக்காமல் தவித்து, கடைசியில் கண்டுபிடிக்கிறார். இரண்டு போதாது, நான்கு.' 'பதிவு இருபத்திரண்டு: கடைசிக் கேள்விக்குத்தான் பயம் தெளிந்து சிரிக்கிறார். அதுவரை யாரும் பொறுத்துக் கேட்கவில்லை.' பதிவுகள் இருந்த பென் டிரைவ் அவள் கைப்பையை விட்டு இறங்கியதே இல்லை. போட்டுக் கேட்டாள். நான்காம் ஆள் தவித்தார், கண்டுபிடித்தார். இருபத்திரண்டாம் ஆள் சிரித்தார். ஹெட்போனை மாட்டும்போதே ஒன்றைக் கவனித்திருந்தாள். காதில் படும் மெத்தை வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ இப்போதுதான் கழற்றி வைத்த மாதிரி.

வாசலுக்கு ஓடி வாட்ச்மேனைப் பிடித்தாள். "என் ரூமுக்கு யாராவது வந்தாங்களா?"

"யாரும் வரல மேடம். நீங்கதானே காலைல ஏழு மணிக்கே வந்து உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தீங்க?"

"நான் இப்பதான் வர்றேன்."

வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார். "முதுகைத்தான் பாத்தேன். டீ வேணுமான்னு கேட்டேன். திரும்பவே இல்ல. என்னமோ தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கிட்டே இருந்தீங்க."

பயம் ஒரு பக்கம், பிழைப்பு ஒரு பக்கம். நியாயமாக அந்தத் தாள்களைக் கொளுத்தியிருக்க வேண்டும். அவள் கொண்டுபோய்ப் பேராசிரியரிடம் கொடுத்தாள். அவர் படித்துப் படித்து மகிழ்ந்தார். "காதுன்னா இது காது! உங்களைவிட நல்லாக் கேக்கறாங்களே! வாய்மொழித் தேர்வன்னைக்கு அந்தம்மாவையும் கூட்டிட்டு வந்துடுங்க, நான் பாக்கணும்." விளங்கின மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டே அவள் தலையாட்டினாள்.

அடுத்த நாள் மேஜை மேல் உறை இல்லை. ஒற்றைத் தாள் மட்டும் விரிந்து கிடந்தது. பதிவு பதினேழு. மார்க் போடும் கட்டம் காலி. அதன் கீழே: 'ஐந்தாவது கேள்வி. என்னால் மார்க் போட முடியவில்லை. நீயே கேள்.'

அவள் ஓட்டி ஓட்டி ஐந்தாவது கேள்விக்கு வந்தாள். அவளுடைய குரல் இங்கிலீஷில் கேட்டது: உங்களுக்குக் கவலை தரும் ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள். நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு நாத்தனார் பேசினாள். ஒவ்வொரு வார்த்தையாக, தட்டுத் தடுமாறி, இங்கிலீஷில். அண்ணி, இதை நீங்கள் கேட்பீர்கள். என் இடது மார்பில் ஒரு கட்டி. முதலில் புளியங்கொட்டை அளவு இருந்தது, இப்போது பெரிதாகிவிட்டது. வலி இல்லை. அண்ணனிடம் சொல்ல முடியாது. வீட்டில் பேசும் பாஷையில் சொல்ல வாய் கூசுகிறது, இதில் கூசவில்லை. நான் என்ன செய்ய வேண்டும், நீங்கள் சொல்லுங்கள். அதன்பின் பதினோரு விநாடி ஒரு சத்தமும் இல்லை. நாத்தனார் காத்திருந்தாள். பதிலுக்குத்தான் காத்திருந்தாள்.

"வெரி குட். நெக்ஸ்ட் கொஸ்டின்" என்றது டாக்டரம்மாவின் குரல்.

ஒரு விசும்பல் கேட்டது. பதிவை நிறுத்தினாள், விசும்பல் நிற்கவில்லை. ஹெட்போனைக் கழற்றினாள், அப்போதும் கேட்டது. தான்தான் அழுகிறோமோ என்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய பிறகும் காதுக்கு மிக அருகில் அது கேட்டுக்கொண்டே இருந்தது. பையைக்கூட எடுக்காமல் ஓடினாள்.

வீட்டில் நாத்தனார் துணி மடித்துக்கொண்டிருந்தாள். வந்தவள் நின்ற கோலத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்த துணியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டி, என்கிட்ட நேர்ல ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னேனே அண்ணி. நீங்க கேட்டுட்டுத்தானே மார்க் போட்டீங்க?" அதில் குத்தல் இல்லை, அதுதான் டாக்டரம்மாவைக் கொன்றது. "நீங்க படிச்சவங்க. பயப்படற மாதிரி இருந்தா வந்து சொல்லியிருப்பீங்க இல்ல? ஒண்ணும் சொல்லலை. அப்போ ஒண்ணுமில்லதான் போலன்னு இருந்துட்டேன்."

அன்று மத்தியானமே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் திரைக்குப் பின்னால் வெகுநேரம் பரிசோதித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். முகத்தில் எதுவும் காட்டவில்லை.

"இவ்வளவு நாள் ஏன் விட்டீங்க? வீட்ல யாருக்குமே தெரியாதா?"

"தெரியாது டாக்டர்" என்று முந்திக்கொண்டாள் நாத்தனார். "நான்தான் யாருகிட்டயும் சொல்லலை."

தப்பித்துக்கொள்ள இதைவிட நல்ல வழி கிடைக்காது. டாக்டரம்மா ஒரு கணம் அதைப் பார்த்தாள்.

"இல்ல டாக்டர். அஞ்சு மாசத்துக்கு முன்னாடியே என்கிட்ட சொல்லிட்டா" என்றாள். "நான்தான் கேக்கலை. கேட்டேன்னு கையெழுத்து மட்டும் போட்டேன்."