ஞாயிற்றுக்கிழமைக் கடல்

என் அத்தை காமாக்ஷி உயிரோடு இருக்கும்போதே தன் அஸ்தியைப் பற்றி உத்தரவு போட்டுவிட்டாள். ஆழ்வார்குறிச்சியில் பள்ளிக்கூட டீச்சர் அவள். உத்தரவு போடாமல் அவளுக்குப் பொழுது விடியாது. "என்னை ஆத்துல கரைச்சுடாதீங்கோ. பாபநாசத்துல போடறதெல்லாம் சீவலப்பேரி தாண்டி எத்தனை ஜனம் குடிக்கற தண்ணில கலக்கறது! நேரா கடல்ல கொண்டு விடுங்கோ" என்பாள். அதையும் சாப்பிடும்போதுதான் சொல்வாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "இப்ப என்ன அவசரம், முதல்ல ரசத்தை ஊத்து" என்பேன்.

போன தை மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் பிறகு எழுந்திருக்கவே இல்லை. எனக்குப் பதினாறு வயது. அம்மாவை நான் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். தலை பின்னிவிட்டது, கணக்குச் சொல்லிக் கொடுத்தது, திட்டியது, காய்ச்சலில் பக்கத்திலேயே கிடந்தது எல்லாம் அத்தைதான். அவளைத் தூக்கிக்கொண்டு போனபோது, சுடுகாட்டுக்குப் பொம்மனாட்டிகள் வரக்கூடாது என்று என்னை வாசலோடு நிறுத்தினார்கள். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

"கடல்ல நான்தான் கரைப்பேன். என் கையால" என்றேன்.

"பொண்ணு தண்ணி விடற வழக்கம் இல்லையே" என்றார் காரியம் செய்துவைத்த வாத்தியார்.

என் அப்பா பஞ்சு, பஞ்சாங்கம் பார்க்காமல் பல் தேய்க்க மாட்டார். இரண்டு பக்கமும் நோகாமல் ஒரு தீர்ப்புச் சொன்னார். நான் கூட வரலாம், சொம்பைப் பிடித்துக்கொள்ளலாம். கரைப்பதும் தர்ப்பணத் தண்ணீர் விடுவதும் அவர். போனால் போகிறது, வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் தலையாட்டி வைத்தேன்.

மண்கலயம் பஸ்ஸில் உடைந்துவிடும் என்று பெரிய பித்தளைச் சொம்பில் அஸ்தியை வைத்து, வாயில் வெள்ளைத் துணி கட்டினோம். ராகு காலம், எமகண்டம், திதி, நட்சத்திரம் எல்லாம் பார்த்து, எல்லாருக்கும் லீவு என்பதால் ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தார் அப்பா. திருநெல்வேலியில் பஸ் மாறி, தாமிரபரணி கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் ஊரில் காலையிலேயே போய் இறங்கினோம். கரை நெடுக வள்ளங்கள் வரிசையாக ஏற்றி வைக்கப்பட்டிருந்தன. ஒரு ஈ காக்கை இல்லை. வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் மட்டும் மாதா கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு ஞாயித்துக்கெழமல்லா சாமி? இங்கன யாரும் கடல்ல எறங்க மாட்டோம். பூசைக்குப் போவோம். நாளைக்கு வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

பஞ்சாங்கத்தில் அத்தனையும் பார்த்த அப்பா, கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருப்பதை மட்டும் பார்க்கவில்லை. நாளைக்கு நாள் நன்றாக இல்லை என்று கையைப் பிசைந்தார். அப்போதுதான் முத்துமாலை வந்தார். திசையன்விளைக்காரர், அந்த ஊரில் வள்ளங்களுக்கு இன்ஜின் பழுது பார்க்கிறவர்.

"நான் கொண்டு விடுதேன் சாமி. வேலைக்கு விட்ட வள்ளம் ஒண்ணு சும்மாதான் கெடக்கு. கொஞ்ச தூரம்தான, போனதும் வந்துரலாம்."

"ஏலே முத்துமாலை, அது ஒட்டுப்போட்ட வள்ளம்லே!" என்று பெரியவர் கத்தினார். யார் கேட்டார்கள்? இருந்த ஒரே மிதவைச் சட்டையை அப்பா எனக்கு மாட்டிவிட்டார். கிளம்பிவிட்டோம்.

ஆறு கடலில் விழும் இடத்தில் அலை எங்களைத் தூக்கி ஒரு போடு போட்டது. அப்பா பக்கப் பலகையில் போய் மோதினார். வலது தோள்பட்டை இறங்கிவிட்டது. வாளி, கருவிப்பெட்டி, அதற்குள் இருந்த முத்துமாலையின் போன் எல்லாம் தண்ணீரோடு போயின. அப்பாவின் போன் சட்டைப்பையிலேயே குளித்து அணைந்துவிட்டது. அப்படியும் வள்ளம் தாண்டி வெளியே வந்தது. திரும்பலாம் என்று முத்துமாலை சொல்லி முடிக்கவில்லை, இன்ஜின் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. கரையிலிருந்து அடித்த காற்று எங்களைப் பைய வெளியே தள்ள ஆரம்பித்தது.

நானும் ஆற்றில் நீந்தத் தெரிந்தவள்தான். ஆற்றில் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரு கரை தெரியும். இங்கே இருந்த ஒரே கரையும் எங்களைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. சுற்றிலும் ஒரு வள்ளம் இல்லை, ஒரு வலை இல்லை. வேறு எந்தக் கிழமையாக இருந்தாலும் கூப்பிடு தூரத்தில் யாராவது இருந்திருப்பார்கள்.

பிறகு என் பாதம் நனைந்தது. ஒட்டுப் போட்ட இடம் விட்டுவிட்டது. முத்துமாலை தலைத்துண்டைச் சுருட்டி விரிசலில் திணித்து அதன்மேல் முழங்காலை ஊன்றி உட்கார்ந்தார். அப்படியும் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது.

"நான் கால எடுத்தா முடிஞ்சுது. யாராவது எறச்சு ஊத்தணும்" என்றார். அப்பாவின் கை தொங்கிக் கிடந்தது. முத்துமாலையின் பார்வை என் மடிக்கு வந்தது. "தாயி, கையில இருக்கத எடு."

"இது எங்க அத்தை" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் சொம்பை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். மாட்டேன். வீட்டிலிருந்தே போட்ட சண்டை இதற்குத்தானா? அத்தையைக் கண்ட இடத்தில் கொட்டிவிட்டுச் சொம்பை வாளியாக்கவா? மூழ்கினால் மூழ்கட்டும், அவளோடேயே போகிறேன் என்றுதான் அந்த நிமிடம் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

அப்பாதான் பேசினார். வலியில் அவர் முகம் வெளுத்திருந்தது. "சுப்ரியா, அவ உன்னை எதுக்குடி வளர்த்தா? முழுகிப் போறதுக்கா? கொட்டு."

"மந்திரம்..."

"கொட்டுடின்னா!"

அப்பா என்னிடம் அப்படிக் கத்தியதே இல்லை. துணியை அவிழ்க்கப் போனேன். ஈரத்தில் முடிச்சு இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து இழுத்தேன். சொம்பைக் கவிழ்த்தேன். காற்று திருப்பி அடித்ததில் கொஞ்சம் சாம்பல் என் முகத்திலேயே வந்து விழுந்தது. போகிற போக்கில்கூட என்னைச் சும்மா விடமாட்டாள். மற்றதெல்லாம் ஒரு நொடியில் தண்ணீருக்குள் போய்விட்டது. ஒரு வார்த்தை சொல்ல நேரமில்லை. அடுத்த நொடி அதே சொம்பால் அள்ள ஆரம்பித்தேன்.

அள்ளினேன், ஊற்றினேன், அள்ளினேன். தோள் கழன்றுவிடும்போல் வலித்தது. உள்ளங்கை தோலுரிந்து உப்புத் தண்ணீர் பட்டுத் தீயாய் எரிந்தது. வாய்விட்டு அத்தையைத் திட்டினேன். "கடல்ல விடு, கடல்ல விடுன்னியே, பாரு! மகராசி, உனக்கு ஆறு ஆகாதா? ஊருக்கெல்லாம் நல்ல தண்ணி, எனக்கு உப்புத் தண்ணியா?" திட்டிக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. அவள் போன நாளிலிருந்து வராத அழுகை மொத்தமும் வந்தது. கண்ணைத் துடைக்கக் கை இல்லை, அழுதுகொண்டே அள்ளினேன். அப்பாவும் அழுதார். முத்துமாலை, "நல்லா அழு தாயி, ஆனா கை நிக்கப்புடாது" என்றார். எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது.

அப்போது ஒன்று தெரிந்தது. எனக்குச் சாகப் பிடிக்கவில்லை. கொஞ்சம்கூடப் பிடிக்கவில்லை. அத்தை இல்லாத வீட்டுக்குத் திரும்பிப் போகவேண்டும், அவள் இல்லாமலே பரீட்சை எழுதவேண்டும், அவள் மாதிரி யாரையாவது நிற்கவைத்துத் திட்டவேண்டும். எல்லாம் வேண்டும்போல் இருந்தது. தண்ணீர் ஏறாமல் நின்றது. இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. எனக்கு அது போதும்.

வெயில் உச்சிக்கு வந்து உதடு வெடித்தது. கை தானாக ஓடிக்கொண்டிருந்தது. முத்துமாலைதான் முதலில் தலையைத் தூக்கினார்.

"சத்தம் கேக்கு."

எனக்குக் காதில் இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. பிறகு பார்த்தேன். ஒரே ஒரு வள்ளம் அல்ல. கடல் முழுக்க வள்ளங்கள், பக்கத்துக்குப் பக்கம் வரிசை கட்டி வந்துகொண்டிருந்தன. அதில் இருந்தவர்கள் எல்லாரும் வெளுத்த வேட்டியும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையுமாக இருந்தார்கள். பூசைக்குப் போட்ட உடுப்போடு அப்படியே இறங்கிவிட்டார்கள்.

முதல் வள்ளத்தில் காலையில் பார்த்த பெரியவர் இருந்தார். கயிற்றை வீசிவிட்டு முத்துமாலையைப் பிடித்து ஏசினார். "சவத்த மூதி! சொன்னா கேக்கியாலே? பூசை முடிஞ்சு வந்து பாத்தா ஒன்னயக் காணோம். கோயில் சாமியாரே கூட்டமணி அடிச்சு, எல்லாரும் போங்கன்னுட்டாரு. எங்க அப்பன் காலத்துலயும் ஞாயித்துக்கெழம கடல் பாத்ததில்ல தெரியுமா?" பிறகு இரண்டு பையன்களை எங்கள் வள்ளத்துக்குள் இறக்கி, என் கையிலிருந்து சொம்பை வாங்கச் சொன்னார். என் விரல்கள் பிரியவில்லை. ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்கள்.

எங்களைப் பெரியவரின் வள்ளத்துக்கு மாற்றித் தண்ணீர் கொடுத்தார்கள். நான் குடித்து முடித்ததும் அவர் கேட்டார்: "வந்த காரியம் முடிஞ்சுதா தாயி?"

அவ்வளவுதான், மறுபடியும் உடைந்துவிட்டேன். "இல்ல தாத்தா. கொட்டிட்டேன். மந்திரம் இல்ல, ஒண்ணும் இல்ல. குப்பையைக் கொட்டற மாதிரி கொட்டிட்டேன்."

பெரியவர் எழுந்து நின்று கையைத் தூக்கினார். ஒவ்வொரு வள்ளமாக இன்ஜின் அணைந்தது. அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள்.

"சாமி, நீங்க ஒங்க மொறையச் செய்யுங்க. நாங்க இங்கன நிக்கோம்" என்றார்.

அப்பா தெற்கே பார்த்துக் குனிந்தார். வலது கையைத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. இடது கையால் அதைத் தாங்கித் தூக்கிப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிட்டார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீ விடு, சுப்ரியா."

எனக்கு உடனே கை நீளவில்லை. "பொண்ணு விடற வழக்கம் இல்லைன்னாரேப்பா வாத்தியார்?"

"காலம்பரலேர்ந்து தண்ணியை அள்ளி அள்ளி விட்டுண்டிருக்கியே, எந்த வாத்தியாரைக் கேட்டுண்டு விட்டே?" என்றார் அப்பா. "விடுடி, கண்ணா."

எரிகிற இரண்டு கையையும் சேர்த்துக் கடலை அள்ளினேன். கோத்திரத்தை அப்பா சொன்னார். பெயரை நான் சொன்னேன்.