மூஸா வாயில் இருந்த ஊர்

மூஸா சபரை, அதாவது துபாய்ப் பிழைப்பை, முடித்துக்கொண்டு கூத்தாநல்லூருக்குத் திரும்பி நாலு வருடமாகிறது. ஆள் வந்து சேர்ந்தாரே தவிர, வாய் இன்னும் வந்து சேரவில்லை. அது துபாயிலேயே தங்கிவிட்டது. தெருவில் தண்ணீர் தேங்கினால் துபாயில் இப்படிக் கிடையாது. டீயில் சீனி தூக்கலாக இருந்தால் துபாயில் சொன்னது சொன்னபடி வரும். மின்சாரம் போனால் கேட்கவே வேண்டாம். ஜும்ஆ தொழுகையில் பயான் பேச்சு கொஞ்சம் நீண்டுவிட்டால்கூட, அங்கே பதினைந்தே நிமிடத்தில் முடித்துவிடுவார்கள் என்று வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே சொல்லுவார்.

கேட்பதற்கு ஊரில் ஆள் இருந்தது. டீக்கடையில் அவருக்கென்று ஒரு பெஞ்சு. புதிதாக விசா கிடைத்தவர்கள் அவரிடம் வந்து நாலு வார்த்தை கேட்டுக்கொண்டுதான் பெட்டி கட்டினார்கள். வேறு சொத்து பெரிதாக இல்லாத மனிதருக்கு அந்த மரியாதைதான் சொத்து.

அவர் மனைவி ஹமீதா பானுவுக்கோ அந்த ஊர்ப் பெயரைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். கல்யாணமான நாற்பதாம் நாள் மூஸா விமானம் ஏறினார். அப்புறம் இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் வந்து இரண்டு மாதம் இருப்பார். இருபத்தேழு வருடச் சபரில் அவர்கள் சேர்ந்து இருந்ததைக் கூட்டினால் இரண்டரை வருடம் தேறாது. மீதி நாளெல்லாம் அவர் அந்த ஊரோடுதான் குடித்தனம் நடத்தினார் என்பது ஹமீதாவின் கட்சி. அதனால் துபாயை அவள் சக்களத்தி என்றே சொல்லுவாள். தன்னையும் கூட்டிப்போகச் சொல்லி அவள் கேட்காத வருடமில்லை. சம்பளம் போதாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பாள். அவர் சொன்னதோ, அந்த வெயில் உனக்குத் தாங்காது என்று. கூத்தாநல்லூர் ஏதோ கொடைக்கானலுக்குப் பக்கத்தில் இருக்கிற மாதிரி.

அந்த நிலையில்தான் துபாயில் கடை மேனேஜராக இருக்கும் அவள் தம்பி சித்தீக், எட்டு நாள் வந்து இருந்துவிட்டுப் போங்கள் என்று இரண்டு பேருக்கும் டிக்கெட் அனுப்பினான். மூஸாவுக்கு முகம் செத்துவிட்டது. முழங்கால் வலி என்றார், பாஸ்போர்ட்டைக் காணோம் என்றார். ஹமீதா பாஸ்போர்ட்டையும் தேடி எடுத்தாள், முழங்காலுக்குத் தைலமும் தேய்த்துவிட்டாள். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். சக்களத்தி அழகியாக இருக்க வேண்டும். ஊர் பெரிதாக, பிரமாதமாக, கண் கொள்ளாமல் இருந்துவிட்டால், சரி, இதுக்காகத்தான் நம்மை விட்டுவிட்டுப் போனார் என்று மனதை ஆற்றிக்கொள்ளலாம். பாதி ஆயுள் சும்மா போகவில்லை என்றாவது இருக்கும்.

கூத்தாநல்லூரிலிருந்து ஒருவர் சபர் போகிறார் என்றால் அது அவர் தனிச் சொத்து அல்ல, தெருவுக்கே பொது. ஒரு வாரம் முன்பிருந்தே பொட்டலங்கள் வர ஆரம்பித்தன. "சின்னப் பொட்டலந்தான் மாமி" என்றுதான் எல்லாரும் கொடுத்தார்கள். கருவாடு, முறுக்கு, பிள்ளைக்குச் சளி மருந்து, ஒருவருக்கு மூக்குக்கண்ணாடி, இன்னொருவருக்கு அம்மிக் குழவி. அம்மி அங்கே இருக்கிறதாம், குழவிதான் உடைந்துவிட்டதாம். பொட்டலம் வாங்கினால் மட்டும் போதாது. அதை வீட்டுக்கே போய்க் கையில் கொடுக்க வேண்டும். அவர்கள் வைக்கிற சோற்றைத் தின்ன வேண்டும். சௌகரியமாக இருக்கிறார்களா என்று கண்ணால் பார்த்துவந்து இங்கே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த கல்யாணத்தில் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

கடைசியாக வந்தவள் பக்கத்து வீட்டு சாஜிதாவின் மருமகள் அனீஸா. கல்யாணமாகி ஐந்து மாதம். புருஷன் ஃபாஜில் துபாய் போய் மூன்று மாதம். நார்த்தங்காய் ஊறுகாயும், ரவையும் பாலும் நெய்யுமாய்க் கிண்டிச் சுட்ட தம்ரூட்டும் கொண்டுவந்திருந்தாள். மற்றவர்கள் மாதிரி அவள் கொடுத்துவிட்டுப் போய்விடவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அவங்க ரூமைப் பார்த்துவந்து எனக்குச் சொல்லணும் மாமி என்று கேட்டுக்கொண்டாள்.

எட்டு நாளில் ஹமீதா துபாயைப் பார்த்தாளா என்றால், பார்த்தாள். ஒரு கூத்தாநல்லூர்க்காரர் வீட்டிலிருந்து இன்னொரு கூத்தாநல்லூர்க்காரர் வீட்டுக்குப் போகிற வழியில், கார்க் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். முதல் நாள் மத்தியானம் நெய்ச்சோறு, ராத்திரி இடியாப்பம். இரண்டாம் நாள் பிரியாணி. மூன்றாம் நாளும் பிரியாணி. எந்த வீட்டுக்குப் போனாலும் நம்ம ஊர் லெட்சுமாங்குடிப் பாலத்தைப் பற்றியும், யார் வீட்டு நிக்காஹ் எப்போது என்பதைப் பற்றியும்தான் பேச்சு. இந்தப் பேச்சைக் கேட்டு இந்தச் சோற்றைச் சாப்பிட விமானம் எதற்கு, ஆட்டோ போதுமே என்று தோன்றியது அவளுக்கு.

வீடு வீடாகப் போனதுபோக மிஞ்சின பொழுதில் சித்தீக் ஊரைச் சுற்றிக் காட்டினான். அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எதிரே தெரிகிற கடைக்குப் போக முக்கால் மணி நேரம் காரில் சுற்றினார்கள். நடந்து கடக்கலாமே என்றால், நடக்கக் கூடாதாம், பிடித்துக்கொள்வார்களாம். வெயில் நாற்பத்தாறு டிகிரி. உள்ளே நுழைந்தால் மார்கழிக் குளிர், வெளியே வந்தால் நெல் அவிக்கிற அண்டா. ஒரு பெரிய கடை வளாகத்தில் கண்ணாடித் தொட்டிக்குள் சுறாவும் திருக்கையும் நீந்தின. ஜனங்கள் காசு கொடுத்து மீனைப் பார்த்துவிட்டு, வாங்காமலே போனார்கள். இது கிலோ என்ன விலை என்று அவள் கேட்டதும் சித்தீக் சுற்றுமுற்றும் பார்த்தான். அப்புறம் தண்ணீர் ஆடுகிறது என்று கூட்டிப்போனார்கள். ஆயிரம் பேர் போனைத் தூக்கிக்கொண்டு நிற்க, தண்ணீர் பாட்டுக்கு எழும்பி நாலு நிமிடத்தில் அடங்கிவிட்டது. மேட்டூரில் தண்ணீர் திறந்தாலும் இந்த மாதிரிக் கூட்டம் கூடத்தான் செய்கிறது. ஆனால் அந்தத் தண்ணீர் வெண்ணாறு வரைக்கும் வந்து குறுவைக்காவது ஆகும்.

உலகத்திலேயே உயரம் என்கிற அந்தக் கோபுரத்தில் ஏற சித்தீக் நாலு மணிக்கு டிக்கெட் போட்டிருந்தான். அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்த வீட்டில் பிரியாணி தம் விடவில்லை. சோற்றை வைத்துவிட்டு எழுந்து போவது நம்ம ஊர் மரியாதை இல்லை. கை கழுவும்போது மணி நாலரை. கீழே நின்று அண்ணாந்து பார்த்ததில் அவளுக்குக் கழுத்து சுளுக்கியதுதான் மிச்சம். பனை ஏறினவன் நுங்காவது கொண்டுவருவான், இதில் ஏறினவன் என்ன கொண்டுவருவான் என்று சொல்லிக்கொண்டாள். சொன்னாளே ஒழிய மனசு ஆறவில்லை.

இதைவிட வேடிக்கை மூஸா. துபாய் எனக்கு அத்துப்படி என்று நாலு வருடமாக டீக்கடையில் முழங்கினவர், மெட்ரோ வாசலில் டிக்கெட் எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல் நின்றார். இதெல்லாம் நான் ஊருக்குத் திரும்பினப்புறம் போட்டது என்றார். இது ஓட ஆரம்பித்துப் பதினைந்து வருடமாயிற்றே மச்சான் என்றான் சித்தீக். கடற்கரை எந்தத் திசை என்று அவருக்குத் தெரியவில்லை. கோபுரத்தில் ஏறியதே இல்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் தேராப் பகுதியில் ஒரு மளிகைக் கடை, அதற்குப் பின்னால் ஒரு சந்து, ஒரு பள்ளிவாசல். அந்தக் கடை இருந்த கட்டிடத்தையும் இடித்துவிட்டார்கள். இடித்த இடத்தில் கார்கள் நின்றன. மூஸா இறங்காமல் கண்ணாடி வழியாகவே பார்த்தார். இவர் இந்த ஊரைப் பார்த்தாவது இருக்கிறாரா என்று ஹமீதாவுக்குச் சந்தேகம் விழுந்துவிட்டது.

எல்லாப் பொட்டலமும் தீர்ந்து ஒன்று மிச்சமிருந்தது. ஃபாஜிலுக்கு உரியதை மட்டும் மூஸா நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தார். அவனைக் கீழே கடைக்கு வரச் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்றார். ஆம்பளைங்க இருக்கிற ரூமுக்குப் பொம்பளை போவதா என்றார். கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை ஹமீதா பொட்டலத்தை எடுத்துக்கொண்டு டாக்ஸியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அவரும் பின்னாலேயே ஏறினார்.

பழைய கட்டிடம், மூன்றாம் மாடி. ஃபாஜில் வாசலிலேயே வாங்கிக்கொள்ளப் பார்த்தான். ஹமீதா அவனைத் தாண்டி உள்ளே எட்டு வைத்தாள். மற்றவர்கள் கைலியைச் சரிசெய்துகொண்டு வெளியே போய்விட்டார்கள். சுவரோரம் இரண்டடுக்குக் கட்டில் நாலு, எட்டுப் பேர். ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு பழைய சேலையோ போர்வையோ திரையாகத் தொங்கியது. ஜன்னல் இருந்த இடத்தில் பலகை அடித்து ஏசியைச் சொருகியிருந்தார்கள். ஃபாஜிலுக்கு மேல்கட்டில். நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை கூரையில் இடிக்கும். அவளை எங்கே உட்காரச் சொல்வதென்று தெரியாமல் அவன் ஒரு பழச்சாறு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"நல்லா இருக்கேன்னு மட்டும் அவகிட்டச் சொல்லுங்க மாமி" என்றான்.

படியில் இறங்கும்போதுதான் ஹமீதா கேட்டாள், உங்க ரூமும் இப்படித்தானா என்று.

"இது பரவாயில்ல. எங்க ரூம்ல பத்துப் பேரு" என்றார் மூஸா. சொல்லும்போது அவர் குரலில் லேசாகப் பெருமைகூட இருந்தது.

அவளுக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. எது முந்தி என்று தெரியவில்லை. சக்களத்தி அழகியாக இருந்தால் மன்னிக்கலாம் என்று வந்தவள். அந்தச் சக்களத்தி அழகியா இல்லையா என்பதே இந்த மனிதருக்குத் தெரியாது. கேழ்வரகில் நெய் வடிகிறது என்று அவர் சொன்னதும் பொய், இருபத்தேழு வருடம் தலையாட்டிக் கேட்ட தனக்கும் புத்தியில்லை. டாக்ஸி ஓட்டுநருக்குத் தமிழ் தெரியாது என்கிற தைரியத்தில் உரக்கவே கேட்டாள்.

"இதுக்காங்க? இந்த ஊரு உங்களை ஒரு நாள் திரும்பிப் பார்த்திருக்குமா?"

மூஸா சட்டைப்பையிலிருந்து டாக்ஸிக் காசை எடுத்து எண்ணினார். விமானத்தில் வரும்போது, சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, ஊரில் போய் ரூம் விஷயத்தை எதுவும் பேசிவிடாதே என்று மட்டும் கேட்டுக்கொண்டார். கெஞ்சுகிற மாதிரி இருந்தது. நாலு பேர் மதிக்கிற ஒன்று அவரிடம் அதுதான் இருக்கிறது என்று ஹமீதாவுக்கும் தெரியும். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

வந்த மறுநாள் காலையில் தெருவே கூடத்தில் கூடிவிட்டது. சபராளி வீட்டில் பெட்டி பிரிக்கிறார்கள் என்றால் சொல்லி அனுப்ப வேண்டியதில்லை. ஆளுக்கொரு சோப்பு, ஒரு தைலக் குப்பி, கை நிறையப் பேரீச்சம்பழம். மூஸா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். ஹமீதா ஊர்க்கதையைச் சொன்னாள். வாங்காத மீன், நாலு நிமிடத் தண்ணீர், கழுத்துச் சுளுக்கு, தம் விடாத பிரியாணி. பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், ஆனால் ஒருத்தியும் நம்பவில்லை. எல்லாத்தையும் பார்த்துட்டு வந்து, கண் பட்டுடும்னு எங்ககிட்ட ஒண்ணுமில்லைங்கிறீங்க என்றாள் சாஜிதா. மூஸா திருப்தியாகத் தலையாட்டினார். இதுவரைக்கும் சேதமில்லை.

கூட்டம் கலைகிற நேரத்தில் அனீஸா முன்னால் வந்தாள்.

"மாமி, அவங்க ரூம் ஜன்னல்ல நின்னா கடல் தெரியுமாம். போன்ல சொன்னாங்க. நீங்க பார்த்தீங்களா?"

ஹமீதா வாயைத் திறப்பதற்குள் நாற்காலியிலிருந்து பதில் வந்துவிட்டது.

"தெரியும்மா. நல்லாவே தெரியும். காத்து அப்படி வரும்" என்றார் மூஸா. யோசித்துச் சொன்னதாகவே தெரியவில்லை. பழக்கம்.

அனீஸா முகம் மலர்ந்தது. அந்த முகத்தைத்தான் ஹமீதாவால் பொறுக்க முடியவில்லை. இதே மாதிரி மலர்ந்த முகத்தோடு தானும் இந்தக் கூடத்தில் நின்றிருக்கிறாள். அன்றைக்கு யாராவது ஒருத்தி உள்ளதைச் சொல்லியிருந்தால், இன்னும் ரெண்டு வருஷம், அதோடு போதும், வந்துவிடுங்கள் என்று ஹமீதா புருஷனிடம் பிடிவாதமாகச் சொல்லியிருப்பாள். யாரும் சொல்லவில்லை. ஃபாஜில் கேட்டுக்கொண்டதும் நினைவுக்கு வந்தது, விமானத்தில் புருஷன் முகம் இருந்த விதமும் நினைவுக்கு வந்தது. இரண்டையும் ஓரமாக வைத்தாள்.

"ஜன்னலே இல்லம்மா. பலகை அடிச்சிருக்கு. எட்டுப் பேரு இருக்காங்க. உன் புருஷன் மேல்கட்டில்ல படுக்குறான், நிமிர்ந்து உட்கார முடியாது. உங்க மாமா இருந்த ரூம்ல பத்துப் பேரு."

சோப்பைப் பிரித்து முகர்ந்துகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். மூஸா மேலே மின்விசிறியைப் பார்த்தார்.

அனீஸா அழவில்லை. ஹமீதா பக்கம் திரும்பவும் இல்லை. நேரே நாற்காலிக்கு எதிரே போய் நின்றாள்.

"அப்ப அவங்க எங்கிட்ட ஏன் மாமா அப்படிச் சொன்னாங்க?"

மூஸா அவளைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். முப்பத்தொரு வருடமாக ஹமீதா கேட்டிராத ஒரு சின்னக் குரலில் சொன்னார்.

"வேற என்னத்தைம்மா சொல்றது."